பழைய நெகட்டிவ்களை ஸ்கேனர் இல்லாமல் டிஜிட்டல் கேமராவிலேயே படமாக்க முடியுமா?

முடியும். அப்பாவின் பிஸ்கட் டின்னில் கிடந்த அறுபது ரோல்களையும் கொஞ்சம் ஸ்லைடுகளையும் (நிறம் நேராகவே தெரியும் பிலிம்) நான் அப்படித்தான் எடுத்தேன். முதலில் ஒரு கடையில் கொடுத்துப் பார்த்தேன். ஓரம் வெட்டுப்பட்டு, முகமெல்லாம் நீலம் பாரித்து வந்தது. சரி, நாமே செய்வோம் என்று இறங்கினேன்.

கேமரா எதுவானாலும் பரவாயில்லை, லென்ஸ் மேக்ரோவாக, அதாவது சின்னப் பொருளை மிக அருகில் வைத்துப் பெரிதாக எடுப்பதாக, இருக்க வேண்டும். 35 மி.மீ. பிலிமில் ஒரு படத்தின் அளவு 36×24 மி.மீ. ஃபுல் பிரேம் கேமராவின் சென்சாரும் (படம் பதியும் சில்லு) அதே அளவு என்பதால், பொருளை அதன் அசல் அளவிலேயே பதிக்கும் 1:1 மேக்ரோ வேண்டும். சென்சார் சிறியதான ஏபிஎஸ்-சி கேமராவுக்கு அவ்வளவு தேவையில்லை. பழைய 50 மி.மீ. லென்ஸில் எக்ஸ்டென்ஷன் டியூப் (லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே வரும் வெற்றுக் குழாய்) மாட்டியும் ஒப்பேற்றலாம், ஓரங்கள் சற்று மங்கும்.

நான் தடுமாறியது வெளிச்சத்தில்தான். செல்போனில் வெள்ளைத் திரையை வைத்து, அதன் மேலேயே நெகட்டிவைப் பரப்பினேன். பெரிதாக்கிப் பார்த்தால் அத்தையைக் கொசுவலைக்குள் உட்கார வைத்தது போல முகம் முழுக்கத் திரையின் புள்ளிகள்! நடுவில் பால் நிற அக்ரிலிக் தகடு வைத்து, பிலிமைச் சில செ.மீ. உயர்த்தியதும் புள்ளிகள் மறைந்தன. ஆனாலும் ஸ்லைடுகளில் நிறம் ஒட்டவில்லை. சிஆர்ஐ (விளக்கு நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்ற அளவு) 95க்கு மேல் உள்ள எல்இடி பேனல் வாங்கிய பிறகுதான் பச்சைப் புடவை பச்சையாகவே தெரிந்தது.

கேமரா பிலிமுக்கு நேர் மேலே, சாயாமல் நிற்க வேண்டும். பிலிம் இருக்கும் இடத்தில் சின்னக் கண்ணாடியை வைத்துப் பாருங்கள். லென்ஸின் பிம்பம் நட்டநடுவில் தெரிந்தால் சரி. கேமராவில் வைக்க வேண்டியவை: லென்ஸ் துளை எஃப் 8, ஐஎஸ்ஓ 100, ரா ஃபைல் (கேமரா திருத்தாத மூலப் பதிவு), 2 வினாடி டைமர். லைவ் வியூவில் (கேமராவின் திரையில்) பெரிதாக்கி, பிலிமின் மணிமணியான கிரெயினைப் பார்த்து ஃபோகஸ் செய்யுங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு, படத்தைச் சுற்றிக் கறுப்புத் தாள் வையுங்கள். தூசியை ப்ளோயரால் ஊதுங்கள், வாயால் வேண்டாம், எச்சில் தெறிக்கும்.

கலர் நெகட்டிவின் அடியில் ஓர் ஆரஞ்சு நிறம் இருக்கும். அதை எடுக்காமல் எடிட்டிங் மென்பொருளில் இன்வர்ட் செய்தால், அதாவது நிறங்களைத் தலைகீழாக்கினால், நீலம்தான் வரும். கடையிலும் அதுதான் நடந்திருக்கும். இரண்டு படங்களுக்கு நடுவே உள்ள வெற்றுப் பகுதியில் வொயிட் பேலன்ஸ் எடுத்து (அந்த ஆரஞ்சு நிறத்தை நிறமற்றதாகக் கணக்கிட வைத்து), இன்வர்ட் செய்து, அப்புறம் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் கர்வையும் (நிறத்தின் அளவைக் கூட்டிக் குறைக்கும் கோடு) தனித்தனியாகச் சரிசெய்யுங்கள். கறுப்பு வெள்ளைக்கு இந்தப் பாடு இல்லை. ஊட்டியில் தயாரான ‘இந்து’ (Indu) பிராண்ட் கறுப்பு வெள்ளை பிலிமில் அப்பா எடுத்தவை ஒரே நொடியில் திரும்பின. ஸ்லைடை இன்வர்ட் செய்யவே வேண்டாம், ஆனால் நிழல்கள் அடர்த்தியாக இருக்கும். எக்ஸ்போஷரை (படத்தில் விழும் வெளிச்ச அளவை) மாற்றி இரண்டு மூன்று எடுத்து வையுங்கள்.

நெகட்டிவ் கவரில் உள்ள எண்ணையே கம்ப்யூட்டர் ஃபோல்டருக்கும் வையுங்கள். நெகட்டிவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். செல்போன் வெளிச்சத்தில் எடுத்த முதல் பத்து ரோலையும் நான் மறுபடி எடுக்க வேண்டியிருந்தது.