கொப்பியில் நாலு பெயர்

அஸ்ஸலாமு அலைக்கும் சேர்,

யாழ்ப்பாணம் ஐஞ்சுசந்திக்குப் பக்கத்தில் ஒரு கடையில் வேலை செய்கிறேன். ஐந்து வேளையும் தொழுகிறேன். ஆனால் இரவுத் தொழுகையான இஷா முடிந்து படுத்தால், போனில் பார்க்கக் கூடாததைப் பார்க்கிறேன். அழுது தவ்பா (பாவமன்னிப்பு) செய்வேன். நாலு நாளில் திரும்பவும் அதே கதை. தொழுகை மானக்கேடானதைத் தடுக்கும் என்று குர்ஆன் (29:45) சொல்கிறது. என்னைத் தடுக்கவில்லையே? திருந்தும்வரை தொழாமல் இருப்பதுதான் நேர்மை என்று படுகிறது. முன்பு கடையின் காசு லாச்சியில் (மேசை இழுப்பறையில்) சில்லறையாக எடுத்ததற்கும் சேர்த்துத் தவ்பா செய்துவிட்டேன். தொழுகையில் அத்தஹிய்யாத் ஓதும் இருப்பில் விரலை அசைக்க வேண்டுமா என்பதையும் எழுதுங்கள்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

வ அலைக்குமுஸ்ஸலாம். தொழுகையை விட்டுவிடாதேயும். அழுக்குப் போன பிறகு குளிக்கலாம் என்று கிணற்றடியில் குந்தியிருக்கிற ஆளை எங்கேயாவது கண்டிருக்கிறீரா? வாசலில் ஓடும் ஆற்றில் நாளுக்கு ஐந்து தரம் குளிப்பவன் உடம்பில் அழுக்கு மிஞ்சுமா என்று கேட்டார்கள் நபிகள். வழுக்கையாறும் மாரிக்குத்தான் ஓடும் என்பதால் நாங்கள் அதைக் கிணறு என்றே வைத்துக்கொள்வோம். இரவில் தொழுது, விடிந்ததும் களவெடுக்கிற ஒருவனைப் பற்றி நபிகளிடம் முறையிட்டார்கள். தொழுகையை நிறுத்தச் சொல் என்று பதில் வரவில்லை. அவன் ஓதுவதே அவனைத் தடுத்துவிடும் என்றார்கள். எப்போது என்று நாள் குறிக்கவில்லை.

போனை உம்மாவின் அறையில் வைத்துவிட்டுப் படும். விரல் விஷயத்தை உமது பள்ளி மௌலவியிடம் கேளும். அந்தச் சண்டையில் எனக்கு வேலை இல்லை.

என்னை எழுத வைத்தது லாச்சி. போனுக்கு ஒரு பக்கம் அழுத நீர், லாச்சிக்கு ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறீர். "சேர்த்து"த் தவ்பாவாம்! என்ன, கடையில் ரெண்டு சாமானுக்கு ஒரு பில்லா? பாவத்தை விட வேண்டும், வருந்த வேண்டும், திரும்பச் செய்வதில்லை என்று உறுதி எடுக்க வேண்டும். மனிதருக்குச் செய்த பாவமென்றால் அவருடைய உரிமையை அவரிடம் சேர்க்க வேண்டும் என்று மார்க்க அறிஞர் இமாம் நவவி நாலாவதாக ஒன்றை வைத்திருக்கிறார். தொழுகையும் நோன்பும் சகாத்துமாக மறுமைக்கு வந்து, ஒருவரை ஏசியதற்கும் இன்னொருவர் சொத்தைத் தின்றதற்கும் அத்தனை நன்மையையும் பங்கு கொடுத்துவிட்டு நிற்பவனையே நபிகள் வங்குரோத்துக்காரன் என்றார்கள். எங்களுக்கோ அல்லாஹ்விடம் அழுவது சுகம். முதலாளியின் முகத்தைப் பார்ப்பதுதான் கஷ்டம்.

வாப்பா சோனகதெருவில் தையற்கடை வைத்திருந்தார். 1990 ஒக்டோபர் 30 அன்று, ஆயுதத்தோடு வந்த புலிகள் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களாகிய எங்களை ஜின்னா மைதானத்துக்குக் கூப்பிட்டு, இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறச் சொன்னார்கள். மெஷினும் போனது, வீடும் போனது. கற்பிட்டியில் அகதியாகக் கிடந்த ஓலைக் கொட்டிலில் உம்மா அழுதது வீட்டுக்கு. வாப்பா அழுதது, வெட்டித் தைக்காமல் விட்டுவந்த துணிகளுக்கு. "மற்றவையின்ர அமானிதம், நம்பித் தந்த பொருள், மகன்" என்பார். நினைவிலிருந்த பெயர்களை என் பள்ளிக்கொப்பியின் பின்பக்கத்தில் எழுத வைத்தார். பதினொரு பெயர். ஒன்று இரண்டைத் தவிர எல்லாம் தமிழ் ஆட்கள், கோயிலுக்குப் போகிறவர்கள்.

சண்டையால் மூடிக்கிடந்த ஏ9 பாதை 2002 இல் யாழ்ப்பாணத்துக்குத் திறந்ததும் கொப்பியோடு வந்தோம். கோப்பாயில் ஒரு வீடு. மகளின் கலியாணத்துக்கென்று சேட்டுத் துணி தந்தவர் இறந்து ஆறு வருஷமாம். மனைவி வெளியே வந்தார். வாப்பா காசை நீட்டினார்.

"என்ன அண்ணை இது? நீங்களே எல்லாத்தையும் விட்டிட்டுப் போனனீங்கள்."

"காசு வேண்டாமெண்டால் பொருந்திக்கொண்டன் எண்டு ஒரு சொல் சொல்லுங்கோ, தங்கச்சி."

மன்னித்து விட்டுக்கொடுத்தேன் என்பதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அவருக்கு விளங்கவில்லை. வாப்பா திரும்பத் திரும்பக் கேட்டார். கடைசியில் அந்த அம்மா சொன்னார், சொல்லும்போதே அழுதுவிட்டார். எங்கள் வீட்டு ஓடுகளையும் கதவையும் கழற்றிக்கொண்டு போனவர்கள் யாரும் இதுவரை கொப்பியோடு வரவில்லை. அது வேறு கதை, இங்கே வேண்டாம்.

அன்று மாலைத் தொழுகையான மஃரிபில் வாப்பா நெற்றியை நிலத்தில் வைத்து சுஜூதில் கிடந்த நேரத்தைப் பார்த்து, எழும்ப மாட்டாரோ என்று நான் பயந்துபோனேன்.

ஏழு பெயர்தான் தீர்ந்தது. வாப்பா மவுத்தாகும்போது (இறக்கும்போது) கொப்பியை என்னிடம் தந்தார். மிச்சம் நாலில் ஒன்று கொக்குவில் முகவரி, சைக்கிளில் கால்மணி நேரம். உம்மை ஏசி இவ்வளவு எழுதிவிட்டேன். நான் இன்னும் போகவில்லை, தம்பி.