மிருகவதை என்பது மனிதரின் பார்வையைப் பொறுத்த விஷயம்தானா?

வலியும் வதையும் இக்கேள்வியில் கலந்துவிட்டன. வண்டிமாட்டின் வாலை முறுக்கும்போது அது உடலை நெளித்து, கண்ணை உருட்டி முன்னே பாய்கிறதே, அந்த வலி எவர் பார்வையையும் சார்ந்ததன்று. ஆனால் எந்த வலியை வதை என்று அழைப்பது என்பதை நாம்தாம் முடிவு செய்கிறோம். இந்தியாவின் 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம் பெரும்பாலும் ‘தேவையற்ற’ வலியையே குற்றமாகக் கருதுகிறது. மதம் கோரும் முறையில் விலங்கைக் கொல்வதற்கு அதன் 28ஆம் பிரிவு விலக்கும் அளிக்கிறது. (தேவையா இல்லையா என்று மாட்டிடம் யார் கேட்டார்கள்?) 2014இல் ஜல்லிக்கட்டைத் தடை செய்த உச்ச நீதிமன்றமே, அதை அனுமதிக்கும் தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் செல்லும் என்று 2023இல் தீர்ப்பளித்தது. புதிய விதிமுறைகள் காளையின் துன்பத்தைப் பெருமளவு குறைத்துவிட்டன என்பதே அத்தீர்ப்பு கூறிய காரணங்களில் ஒன்று. அது உண்மையா என்பதை வாடிவாசலில் காளையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.