எஃகு ஆலைகளில் ஊதிய ஒப்பந்தம் முடியும் தறுவாயில், வேலைநிறுத்தம் தொடங்கும் முன்பே சந்தை ஏன் பதறுகிறது?

ஒருவர்கூட வேலையை நிறுத்தாத நிலையில், ஒப்பந்தம் முடிய இன்னும் மாதங்கள் இருக்கும்போதே விலையும் ஆர்டர்களும் ஏன் ஏறி இறங்குகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். உருக்காலை ஒன்றில், நிலக்கரியைச் சுட்டுக் கோக் என்ற எரிபொருளாக்கும் கோக் அடுப்புப் பிரிவில் பணியாற்றியவன் என்பதால், உலைப் பக்கத்திலிருந்தே தொடங்குகிறேன்.

கோக் அடுப்பின் சுவர்கள் சிலிக்கா செங்கல்லால் கட்டப்பட்டவை. ஆயிரம் டிகிரிக்கு மேல் காய்ந்துகொண்டிருக்கும் அச்சுவர்கள் குளிர்ந்துவிட்டால் சுருங்கி விரிசல் விடும். அதன்பின் எவ்வளவு பக்குவமாகச் சூடேற்றினாலும் அவை பழைய நிலைக்கு வருவதில்லை. இரும்புத் தாதுவை உருக்கும் ஊதுலையைச் சில காலம் உறங்க வைக்கலாம், ஆனால் அதற்கும் கூடுதலாகக் கோக்கை நிரப்பி, வெப்பக்காற்றை நிறுத்தி, காற்று புகும் முனைகளைக் களிமண் வைத்து அடைக்க வேண்டும். நாள் நீள நீள, உள்ளே உருகியிருந்தது அடியில் உறைந்துவிடும் ஆபத்தும் வளர்கிறது. வேலைநிறுத்தம் செய்யும் தொழிற்சங்கமே உலைகளைக் காக்கும் பராமரிப்பு ஆட்களை வாயிலுக்குள் விடுவதற்குக் காரணம் இதுதான்: உலை செத்தால், திரும்பிப் போவதற்கு வேலையும் இருக்காது. ஆகவே தாதுவிலிருந்து எஃகு வரை எல்லாம் ஓரிடத்திலேயே செய்யும் ஒருங்கிணைந்த ஆலையில் வேலைநிறுத்தம் என்பது ஒரே இரவில் தொடங்கி ஒரே நாளில் முடியும் சங்கதியன்று. கதவு திறந்த பிறகும் முழு உற்பத்தி திரும்ப வாரங்கள் பிடிக்கும். எஃகு வாங்குவோர் இதை நன்றாக அறிவார்கள்; அதனால்தான் கெடு நெருங்கும் முன்பே வாங்கிச் சேர்க்கிறார்கள்.

இதற்கு அமெரிக்காவின் 1959ஆம் ஆண்டைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அந்த ஆண்டு ஒப்பந்தம் முடியப்போவது தெரிந்ததால், கார் நிறுவனங்கள் உட்பட எஃகை நம்பியிருந்த அனைவரும் ஆண்டின் முதல் பாதியிலேயே வாங்கிக் குவித்தனர். ஜூலை 15 அன்று சுமார் 5 லட்சம் தொழிலாளர்கள் வெளியேறினர். வேலைநிறுத்தம் 116 நாள் நீடித்தது. அதை அவ்வளவு தூரம் இழுத்தது சம்பளம் மட்டுமன்று. ஒப்பந்தத்தின் ‘2-பி’ என்ற பிரிவு, ஓர் இயந்திரத்துக்கு எத்தனை ஆள் என்பது போன்ற நெடுநாள் நடைமுறைகளை நிர்வாகம் தன் இஷ்டத்துக்கு மாற்ற முடியாதபடி கட்டிப்போட்டிருந்தது. நிறுவனங்கள் அதைத் தளர்த்தக் கேட்டன. சம்பளக் கோரிக்கையில் அவ்வளவு வேகம் காட்டாத தொழிலாளர்கள்கூட, தங்கள் வேலைக்கே குறி வைக்கிறார்கள் என்று உணர்ந்ததும் ஒன்றாகிவிட்டனர். நிர்வாகத் தரப்பு தானாகவே எதிராளிக்குப் படை திரட்டிக் கொடுத்தது என்றே சொல்லுவேன். அதிபர் ஐசனோவர், நாட்டு நலனுக்கு ஆபத்து என்றால் வேலைநிறுத்தத்தை இடைநிறுத்த வழிசெய்யும் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டத்தின்கீழ் 80 நாள் தடையுத்தரவை நாடினார். நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்த பிறகே உலைகள் மீண்டும் எரிந்தன. 1960 ஜனவரியில் உடன்பாடு ஏற்பட்டபோது 2-பி பிரிவு அப்படியே நின்றது.

உண்மையான சேதம் வேறிடத்தில் நிகழ்ந்தது. 1959இல் அமெரிக்காவின் எஃகு இறக்குமதி ஏற்றுமதியை விஞ்சியது. தட்டுப்பாட்டுக்காக ஜப்பானிய எஃகை வாங்கிப் பார்த்தவர்களில் பலர், அது மலிவாகவும் நன்றாகவும் இருந்ததால், அதிலேயே நிலைத்துவிட்டனர். அதன்பின் 1965, 1968, 1971 என்று ஒப்பந்தம் முடியும் ஆண்டுகளில் நாடு தழுவிய வேலைநிறுத்தம் நடக்கவே இல்லை. இருந்தும் முன்கூட்டியே கையிருப்பு சேர்ப்பதும், இறக்குமதி எகிறுவதும், உடன்பாடு கையெழுத்தானதும் ஆர்டர்கள் வறண்டு ஆட்களை வீட்டுக்கு அனுப்புவதும் நின்றபாடில்லை. நடக்காத வேலைநிறுத்தத்துக்கும் தொழிலாளி கூலியை இழந்தான் என்பதுதான் இதில் என்னை உறுத்துவது.

இதற்கு மருந்தாகவே 1973இல், அமெரிக்க எஃகுத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் ஐ. டபிள்யூ. ஏபெல் காலத்தில், ஒரு சோதனை உடன்பாடு செய்யப்பட்டது. தேசிய அளவில் வேலைநிறுத்தமும் கதவடைப்பும் இல்லை. தீராத பிரச்சினை நடுவர் தீர்ப்புக்குப் போகும். பதிலுக்குத் தொழிலாளிக்கு ஆளுக்கு 150 டாலர், ஆண்டுக்குக் குறைந்தது 3 சதவீத உயர்வு, அதற்கு மேல் விலைவாசிப் படி. அமைதி கிடைத்தது, ஆனால் பணவீக்கம் உச்சத்தில் இருந்த பத்தாண்டில் அந்தப் படி நிறுவனங்களின் கையை மீறிப் போனது. 1980களில் தொழிலே சரிந்தபோது அந்த ஏற்பாடும் போயிற்று.

1986 ஆகஸ்டிலிருந்து யுஎஸ்எக்ஸ் (யுஎஸ் ஸ்டீல் நிறுவனத்தின் அன்றைய பெயர்) ஆலைகள் ஆறு மாதம் மூடிக் கிடந்தன. பழைய ஒப்பந்தப்படியே வேலை செய்யத் தயார் என்று சங்கம் அறிவித்ததால் இது கதவடைப்பே என்று தொழிலாளர்களும், வேலைநிறுத்தமே என்று நிறுவனமும் வாதிட்டனர். இது வெறும் பெயர்ச் சண்டையாகத் தோன்றலாம். ஆனால் கதவடைப்பு என்றால் பல மாநிலங்களில் வேலையின்மை உதவித்தொகை கிடைக்கும் என்பதால், வீட்டு அடுப்பு எரிவது அந்த வாதத்தைப் பொறுத்திருந்தது.

இன்று அபாயத்தை எடைபோட வேண்டுமானால், வேலைநிறுத்தத்துக்கு ஆதரவாக வாக்களித்தார்கள் என்ற செய்தியை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். 2018இல் யுஎஸ் ஸ்டீல் தொழிலாளர்கள் அதற்கு அதிகாரம் அளித்தார்கள். ஒப்பந்தம் செப்டம்பர் 1 அன்று முடிந்த பிறகும் வேலை தொடர்ந்தது, அக்டோபரில் உடன்பாடும் வந்தது. மேசையில் கிடப்பது சம்பளமா, ஆள் எண்ணிக்கையா என்று பாருங்கள். சம்பளக் கோரிக்கையைப் பாதியாக வெட்டிச் சமரசம் செய்யலாம். ஒருவனுடைய வேலையைப் பாதியாக வெட்ட முடியாது. வாங்குவோரின் கிடங்கில் எத்தனை வாரச் சரக்கு உள்ளது என்பதும் முக்கியம்: கிடங்கு நிரம்பியிருந்தால் நிறுவனத்துக்கு அவசரமில்லை.

நம் பொதுத்துறையில் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. மத்திய அரசின் எஃகு நிறுவனமான செயில் (SAIL) நிறுவனத்தின் ஊதிய ஒப்பந்தம் 2016 டிசம்பருடன் முடிந்தது; அடுத்த ஊதிய உடன்பாடு 2021 அக்டோபரில்தான் கையெழுத்தானது, அதற்கு முன் அதே ஆண்டு ஜூன் 30 அன்று வேலைநிறுத்தமும் நடந்தது. இங்கே கெடு தேதி யாரையும் அச்சுறுத்துவதில்லை, ஏனெனில் கெடு கடந்தும் ஆண்டுக்கணக்கில் பழைய சம்பளத்தில் வேலை நடக்கிறது. சண்டை பிறகு நிலுவைத்தொகையின் பெயரில் வருகிறது.