சேமித்தது எங்கே போனது?

கேள்வி: என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். போனில் வீடியோவை வெட்டி ஒட்டிப் பாட்டுகூடச் சேர்த்துவிடுவாள். ஆனால் பள்ளிக் கணினியில் ஒரு கட்டுரையை டைப் செய்து சேமிக்கச் சொன்னால் விழிக்கிறாள். இரண்டு பேருக்கு ஒரு கணினிதான். லேப்டாப் வாங்க இப்போது வசதி இல்லை. பின்தங்கிவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது.
– ஒரு தாய்

பதில்: உங்கள் மகள் மட்டும் இப்படி இல்லை அம்மா. 2018-ல் ஐசிஐஎல்எஸ் என்ற சர்வதேச ஆய்வில், பல நாடுகளின் எட்டாம் வகுப்பு மாணவர்களுக்குக் கணினியிலேயே வேலை கொடுத்துப் பார்த்தார்கள். மிக உயர்ந்த நிலையை எட்டியவர்கள் 100-க்கு 2 பேர்தான்.

போனில் எடுத்த படம் தானாகவே கேலரிக்குப் போய்விடுகிறது. கணினியோ, 'என்ன பெயர் வைக்கட்டும், எங்கே வைக்கட்டும்?' என்று கேட்கிறது. அந்தக் கேள்வியே அவளுக்குப் புதிது. வந்த பெட்டியில் ஓகேயைத் தட்டிவிடுவாள். அப்புறம் கட்டுரையைக் காணோம் என்று தேடுவாள். அலமாரி, அதற்குள் தட்டு, தட்டில் நோட்டு என்று ஒருமுறை காட்டிச் சொல்லுங்கள், ஃபோல்டர் என்பது புரிந்துவிடும்.

சொந்தமாக லேப்டாப் இருந்தால் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் இரண்டு பேர் ஒரு கணினியில் உட்காருவதைவிட எனக்குக் கவலை தருவது, மவுஸ் யார் கையில் இருக்கிறது என்பதுதான். வேகமாகச் செய்கிற பிள்ளையே அதைப் பிடித்துக்கொண்டால், பக்கத்தில் இருப்பவள் வருடம் முழுக்க வேடிக்கைதான் பார்ப்பாள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கை மாற்றிவிட முடியுமா என்று ஆசிரியரிடம் கேளுங்கள். தயங்காதீர்கள், இது நியாயமான கோரிக்கை. கூடவே ஸ்க்ராட்ச் பற்றியும் சொல்லுங்கள். பிள்ளைகள் நிரல் எழுதிப் பழக, அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் உருவாகி 2007-ல் வெளியான இலவச மென்பொருள் அது. ஒருமுறை நிறுவிவிட்டால் இணையம் இல்லாமலும் ஓடும். வீடியோவை வெட்டி ஒட்டத் தெரிந்தவளுக்கு, கட்டளைகளை வரிசையாக அடுக்கிக் கதை செய்வது நிச்சயம் பிடிக்கும்.

வீட்டில் போன் போதும். இணையத்தில் எதையாவது படித்துவிட்டு வந்து சொன்னால், எழுதியது யார், எப்போது எழுதியது, விளம்பரமா என்று கேட்டுப் பழக்குங்கள்.

சரி, இன்றைக்கே ஒன்று செய்யலாம். போனிலும் ஃபைல்ஸ் என்று ஒன்று உண்டு. அதைத் திறந்து, கடைசியாகச் செய்த வீடியோ எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று உங்களுக்குக் காட்டச் சொல்லுங்கள். கொஞ்சம் தேடுவாள், தேடட்டும். கிடைத்ததும் தன் பெயரில் புது ஃபோல்டர் போட்டு, வீடியோவை அதற்குள் மாற்றி வைக்கச் சொல்லுங்கள்.