ஐ.க்யூ. 76 என்றால் தனியாக வாழ முடியாதா?

கேள்வி: எனக்கு வயது 27. ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறேன். மேலாளர் நாலைந்து வேலைகளைச் சேர்த்துச் சொன்னால் பாதி மறந்துவிடுகிறது. பள்ளிக் காலத்திலிருந்தே இப்படித்தான். சமீபத்தில் ஒரு மையத்தில் அறிவுத்திறனை அளக்கும் ஐ.க்யூ. சோதனை செய்துகொண்டேன். 76 என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். “உங்கள் மூளைக்கு 12 வயதுதான் ஆகிறது, மூன்று மாதப் பயிற்சியில் 20 புள்ளி உயர்த்திக் காட்டுகிறோம்” என்கிறார்கள். எனக்கு அறிவுத்திறன் குறைபாடு இருக்கிறதா? தனியாகக் குடித்தனம் நடத்த முடியுமா? பயிற்சியில் சேரலாமா?

பதில்: பயிற்சியில் சேராதீர்கள். முன்பணம் கட்டியிருந்தால் திருப்பிக் கேளுங்கள்.

76 என்பதை நூற்றுக்கு எடுத்த மதிப்பெண்ணாக நினைத்துக் கலங்க வேண்டாம். உங்கள் வயதுக்காரர்கள் நடுவே அந்தச் சோதனையில் நீங்கள் நிற்கும் இடத்தைத்தான் அது சொல்கிறது. சராசரியை 100 என்று வைத்துக்கொள்கிறார்கள். நூறு பேரில் ஏறக்குறைய 68 பேர் 85-க்கும் 115-க்கும் இடையில் வருவார்கள். 76 அல்லது அதற்குக் கீழே வருபவர்கள் ஐந்தாறு பேர். 70-க்குக் கீழே இரண்டு பேர். ஒழுங்காக நடத்திய சோதனையிலும் ஐந்து புள்ளி முன்பின் ஆகும். ஆகவே உங்கள் அளவு 71-லிருந்து 81-க்குள் எங்கோ இருக்கிறது என்று எழுதுவதுதான் நேர்மையான அறிக்கை.

“12 வயது மூளை” என்று சொன்னவர்மேல்தான் எனக்குக் கோபம். மனவயதை, அதாவது எந்த வயதுப் பிள்ளையின் அளவுக்குச் சிந்திக்கிறார் என்பதை, உண்மையான வயதால் வகுக்கும் கணக்கை வில்லியம் ஸ்டெர்ன் 1912-இல் குழந்தைகளுக்காக முன்வைத்தார். பெரியவர்களுக்கு அது பொருந்தாது என்பதால்தான் டேவிட் வெக்ஸ்லர் 1939-இல் வெளியிட்ட சோதனையில் அதை விட்டுவிட்டு, அதே வயதினரோடு ஒப்பிடும் முறைக்கு வந்தார். உலகம் கைவிட்ட கணக்கை எடுத்துவந்து, வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கும் ஒரு மனிதரைக் குழந்தை என்கிறார்கள். அப்படிப் பயமுறுத்தினால்தான் பயிற்சி விலைபோகும்.

இப்போது உங்கள் முதல் கேள்வி. அறிவுத்திறன் குறைபாடு இருக்கிறதா என்பதை எண் மட்டும் முடிவு செய்யாது. படிப்பது, கணக்குப் போடுவது, பிறரோடு பழகுவது, உடம்பையும் பணத்தையும் வீட்டையும் பார்த்துக்கொள்வது ஆகிய அன்றாடத் திறன்களிலும் தெளிவான குறை இருக்க வேண்டும். அது வளரும் பருவத்திலேயே தொடங்கியிருக்க வேண்டும். மனநல மருத்துவர்கள் பின்பற்றும் டி.எஸ்.எம். கையேடு, 2013-இல் வந்த ஐந்தாம் பதிப்பிலிருந்து, குறைபாட்டின் தீவிரத்தை எண்ணால் பிரிப்பதை விட்டுவிட்டு அன்றாடச் செயல்பாட்டை வைத்துப் பிரிக்கிறது. ஒரு வேலையில் நிற்கிறீர்கள். இந்தக் கடிதத்தைத் தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். இதை மட்டும் வைத்துப் பார்த்தால் உங்களுக்கு அந்தக் குறைபாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. உறுதியாகச் சொல்ல, உங்களோடும் உங்களை அறிந்த ஒருவரோடும் உளவியலாளர் உட்கார்ந்து பேச வேண்டும்.

ஆனால் உதவி தரும் அலுவலகங்கள் பல இன்னும் 70 என்ற கோட்டைப் பிடித்துக்கொண்டுதான் தொங்குகின்றன. 69 என்றால் உதவி, 72 என்றால் “போய் வாருங்கள்”. ஐந்து புள்ளி முன்பின் ஆகும் என்று தெரிந்துகொண்டே மூன்று புள்ளியில் ஒருவரின் வாழ்க்கையைப் பிரிக்கிறார்கள். இடையில் மாட்டிக்கொண்டவர்கள் பள்ளியில் சோம்பேறி என்றும் வேலையில் அக்கறையற்றவர் என்றும் திட்டு வாங்கியே காலம் தள்ளுகிறார்கள். இதை நான் பல முறை எழுதியாகிவிட்டது.

பயிற்சியின் சூட்சுமம் இதுதான். மூன்று மாதம் சோதனையில் வருவது போன்ற புதிர்களையே பழக்குவார்கள். பிறகு அதே மாதிரிச் சோதனையை மறுபடி வைப்பார்கள். புள்ளி ஏறும். ஏறியது அந்தப் புதிர்களைப் போடும் பழக்கம். மேலாளர் சொன்னதை நினைவில் நிறுத்துவதற்கு அது உதவாது. விரல் ரேகையைப் பார்த்து மூளையை அளக்கிறோம் என்பவர்களிடமும், நினைவாற்றல் மாத்திரை விற்பவர்களிடமும் இதே எச்சரிக்கையோடு இருங்கள்.

ஒற்றை எண் எழுதிய தாளை அறிக்கை என்று ஏற்காதீர்கள். முறையான சோதனையை உளவியலாளர் நேரில் உட்கார்ந்து செய்வார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மொழி, வடிவங்களைப் புரிந்துகொள்வது, கேட்டதை மனத்தில் நிறுத்துவது, வேகம் என்று தனித்தனியாகப் புள்ளி தருவார். உங்களுக்கு நினைவிலும் வேகத்திலும் மட்டும் குறைந்து, மற்றவை சராசரியை ஒட்டி இருந்தால் அந்த 76-க்குப் பெரிய பொருளே இல்லை.

ஒன்றை மட்டும் கவனமாகப் பாருங்கள். சிறுவயதிலிருந்தே இப்படித்தான் என்கிறீர்கள். அது உண்மையா என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். முன்பு நன்றாகச் செய்த வேலை சமீபத்தில்தான் தடுமாறுகிறது என்று அவர்கள் சொன்னால், கதை வேறு. அப்போது போக வேண்டிய இடம் மருத்துவமனை. தைராய்டு குறைவு, பி12 சத்துக் குறைவு, மனச்சோர்வு, குறட்டையோடு மூச்சு தடைபடும் தூக்கம், தலையில் பட்ட அடி, குடிப்பழக்கம், சில மாத்திரைகள் எல்லாமே சிந்தனையை மந்தமாக்கும். இவற்றில் பலவற்றுக்குச் சிகிச்சை உண்டு. தாமதித்தால் சில திரும்பாது. வளர்ந்த பிறகு திறன் இறங்குவதை “குறைந்த ஐ.க்யூ.” என்று எழுதிவிட்டு யாரும் கோப்பை மூடக் கூடாது.

தனிக் குடித்தனம்? முடியும். உங்கள் அளவில் இருக்கும் பெரும்பாலானவர்கள் வேலை பார்த்து, குடும்பம் நடத்தி, எந்தச் சான்றிதழும் இல்லாமல் வாழ்கிறார்கள். புதிதாக ஒன்றைக் கற்க நீங்கள் மற்றவர்களைவிடக் கூடுதல் தடவை செய்துபார்க்க வேண்டியிருக்கும். மேலாளரிடம், “ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்” என்று கேளுங்கள். எழுதியதைத் திரும்ப வாசித்துக் காட்டுங்கள். வாடகையும் கட்டணங்களும் மாதாமாதம் ஒரே நாளில் போகும்படி வையுங்கள். ஆபத்து அதிகம் இருப்பது கடன் தாளிலும், தவணைத் திட்டத்திலும், தொலைபேசியில் வங்கி ரகசிய எண் கேட்பவரிடமும்தான். எந்த ஒப்பந்தத்திலும் அதைப் பார்த்த அன்றே கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டுக்கு எடுத்துவந்து, அதில் லாபமில்லாத ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். தாளை வெளியே கொண்டுபோக விடாதவரிடம் கையெழுத்தே போட வேண்டாம். அந்தப் பயிற்சி மையம் நீட்டும் படிவமும் இதில் சேர்த்திதான்.