ரோபோ உடைத் துறையை நம்பி மகளைப் படிக்க வைக்கலாமா?

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

பள்ளிப் படிப்பை முடிக்கவிருக்கும் தங்கள் மகள், மனித வலிமையைக் கூட்டும் ரோபோ உடைகளை வடிவமைப்பதையே தொழிலாகக் கொள்ள விரும்புவதையும், அது திரைப்படம் பார்த்து வந்த மயக்கமாக இருக்குமோ என்று தாங்கள் கவலைப்படுவதையும் தங்கள் கடிதத்தில் அறிந்தேன். துறை உண்மையானதுதான். எனினும், அதன் பெயரைத் தாங்கிய இளநிலைப் பட்டத்தைத் தேடிச் சேர்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இத்துறையில் வாக்குறுதிகள் பல முறை செயலை முந்திக்கொண்டு ஓடியிருக்கின்றன. 1960களில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் உருவாக்கிய ‘ஹார்டிமேன்’ உடையின் எடை ஏறத்தாழ 680 கிலோ. முழு உடையையும் ஒருசேர இயக்க முயன்றபோது அது கட்டுக்கடங்காமல் ஆடியதால், இறுதியில் ஒரு கையை மட்டுமே ஓரளவு பயன்படுத்த முடிந்தது. அமெரிக்கப் படையினருக்காக 2013இல் அறிவிக்கப்பட்ட ‘டாலோஸ்’ கவச உடைத் திட்டமும், எதிர்பார்த்த முழு உடையைத் தராமலே 2019இல் முடிவுக்கு வந்தது.

வெற்றி கிடைத்ததெல்லாம் இலக்கைச் சுருக்கிக்கொண்ட இடங்களில்தான். தண்டுவடக் காயத்தால் நடக்க முடியாதவர்களுக்கான ‘ரீவாக்’ கருவியைத் துணையாளர் ஒருவருடன் வீட்டிலும் வெளியிலும் பயன்படுத்த, அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2014இல் அனுமதி அளித்தது. அதற்கு அடுத்த ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், மோட்டாரோ பேட்டரியோ இல்லாமல், ஸ்பிரிங்கும் கிளட்சும் மட்டும் கொண்ட கணுக்கால் கருவி, நடப்பதற்கு உடல் செலவிடும் ஆற்றலை ஏறத்தாழ 7 சதவீதம் குறைத்தது. என்னைக் கேட்டால், தங்கள் மகள் முதலில் படித்துப் பார்க்க வேண்டியது இந்த எளிய கருவியைப் பற்றித்தான்.

அபாயங்களையும் அவர் தெரிந்துகொள்ள வேண்டும். உடையின் மூட்டும் உடலின் மூட்டும் ஒரே அச்சில் அமையாவிட்டால், ஒவ்வோர் அசைவிலும் தோலும் மூட்டும் தேவையற்ற விசையைத் தாங்க நேரிடும். தோளின் சுமையைக் குறைக்கும் கருவி அதை இடுப்புக்கோ முதுகுக்கோ மாற்றிவிடக்கூடும். கால்களில் உணர்வில்லாதவருக்குப் பட்டை அழுத்திப் புண்ணாவது தெரியாது. நெடுங்காலம் நடக்காததால் எலும்பு வலுவிழந்திருந்தால் முறிவும் ஏற்படலாம். பணியிடத்தில் வேறொரு சிக்கல் உண்டு: உடை இருக்கிறதே என்று சுமையின் அளவையும் வேலையின் வேகத்தையும் நிர்வாகம் கூட்டிவிட்டால், தொழிலாளிக்குக் கிடைத்த நன்மை கரைந்துவிடும்.

இவற்றைத் தங்கள் மகளை அச்சுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. மூட்டு அமைப்பு, விழுதலைத் தடுக்கும் கட்டுப்பாடு, பாதுகாப்புச் சோதனை, அணிபவருக்கு அளவு பொருத்துதல் ஆகிய பணிகள் இந்தச் சிக்கல்களிலிருந்துதான் பிறக்கின்றன. வலிமையை மட்டும் நினைத்து வருபவர்களைவிட உடலைப் புரிந்துகொண்டு வருபவர்களே இங்கு அதிகம் பயன்படுவார்கள்.

ஆகவே, இளநிலையில் இயந்திரவியல், மின்னணுவியல், உயிர்மருத்துவப் பொறியியல் ஆகியவற்றுள் ஒன்றை அவர் எடுத்துக்கொள்ளட்டும். கட்டுப்பாட்டியல், நிரலாக்கம், உடல் இயக்கவியல் ஆகியவற்றை அதனோடு சேர்த்துப் பயின்று, முதுநிலையில் இத்துறைக்குத் திரும்பலாம். இதில் ஈடுபட்டுள்ள நிறுவனங்களில் பல, முதலீட்டாளர்களின் பணத்தை நம்பி நிற்கும் சிறு நிறுவனங்கள். ஒன்று மூடப்பட்டாலும், இந்த அடித்தளம் உள்ளவருக்குச் செயற்கை உறுப்பு, மறுவாழ்வுக் கருவி, தொழிற்சாலை ரோபோ போன்ற பிரிவுகளில் இடம் இருக்கும். கணிதமும் இயற்பியலும் அவருக்குச் சுமையாகத் தோன்றி, நோயாளி எழுந்து நடப்பதைக் காண்பதே அவரை ஈர்க்கிறது என்றால், இயன்முறை மருத்துவமே பொருத்தமான வழி. அதைத் தாழ்வாக எண்ண வேண்டியதில்லை.

விண்ணப்பிக்கும் முன், மனித நடையை அளக்கும் ஆய்வகம் அந்தக் கல்லூரியில் உள்ளதா, அதில் இளநிலை மாணவர்களை வேலை செய்ய விடுகிறார்களா என்று தங்கள் மகளையே நேரில் விசாரிக்கச் சொல்லுங்கள். கிடைக்கும் பதிலுடன் இருவரும் வந்தால், கல்லூரிப் பட்டியலை நாம் சேர்ந்து முடிவு செய்யலாம்.