150 வெள்ளிக்கு ஐபேட் 2: வாங்கலாமா?

கேள்வி: சுங்கை சிப்புட்டுக்கு அருகே தோட்டத்தில் இருக்கிறோம். மகன் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கிறான். பட்டணத்துக் கடையில் பழைய ஐபேட் 2 ஒன்றை 150 வெள்ளிக்குத் தருவதாகச் சொல்கிறார்கள். சிம் போடும் வகை, 32 ஜிபி, ஒரு கீறல்கூட இல்லை. பள்ளி வேலைக்கு உதவுமா?

பதில்: உதவாது, அம்மா. கீறல் இல்லை என்பதை நம்புகிறேன். அந்த அலுமினிய உடம்பு லேசில் கெடாது. 9.7 அங்குலத் திரையும் இன்றைக்குக் கண்ணுக்கு இதமாகவே இருக்கும். ஆனால் இது 2011இல் வந்த கருவி. கடைக்காரர் சொல்லும் 32 ஜிபி சேமிப்பிடம் மட்டுமே. வேலை செய்யும் நினைவகம் வெறும் 512 எம்பி. அதை அவர் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்.

அதைவிடப் பெரிய சிக்கல் மென்பொருள். ஐபேட் 2, ஆப்பிளின் இயங்குதளமான ஐஓஎஸின் 9ஆம் பதிப்பைத் தாண்டாது. வாட்ஸ்அப், கூகுள் கிளாஸ்ரூம், இன்றைய யூடியூப் செயலி எதுவும் அதில் ஏறாது. உலாவியில் திறந்து பார்க்கலாம் என்றால், பல தளங்கள் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று வாசலிலேயே நிறுத்திவிடும்.

சிம் வசதிக்காகக் கூடுதல் விலை கேட்டால் கொடுக்காதீர்கள். அது 3ஜி கருவி. நம் மலேசியாவில் 3ஜி சேவை 2021இன் இறுதியோடு மூடப்பட்டுவிட்டது. தோட்டத்து வீட்டில் வைஃபை இல்லையென்றால் அது வெறும் கண்ணாடிப் பலகைதான்.

என் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. என் அம்மா அதில் குடும்பப் படங்களைப் பெரிதாக்கிப் பார்ப்பார். தமிழில் எழுதவும் செய்யலாம்: ஐஓஎஸ் 7 முதலே நம் நாட்டுக் கணிஞர் முத்து நெடுமாறனின் அஞ்சல் என்னும் தமிழ் விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது. அந்த அளவுக்குப் போதும் என்றால் 50 வெள்ளிக்குக் கேட்டுப் பாருங்கள். வாங்கும்போது முந்தைய உரிமையாளர் தன் ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டாரா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். இல்லையேல் பூட்டிய பெட்டிதான் கையில் மிஞ்சும். ரசீதும் கேளுங்கள். கடைக்காரர் ஏமாற்றினால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டி வழக்குப் பதியலாம். தனி ஆளிடம் வாங்கினால் அந்த வழி இல்லை.

மகனுக்கு எந்தக் கருவி பார்த்தாலும் முதலில் அமைப்புகளைத் திறந்து மென்பொருள் பதிப்பு எண்ணைப் படியுங்கள். ஜிபி கணக்கு பிறகு.

கேள்வி: லூனாஸில் இருக்கிறேன். நானும் அதே மாதிரி ஐபேட் 2 ஒன்றை வாங்கிவிட்டேன். கணினியில் செருகினால் சார்ஜ் ஏறவில்லை என்று காட்டுகிறது. பேட்டரி போய்விட்டதா?

பதில்: அவசரப்பட வேண்டாம். அதனோடு வந்த சார்ஜர் 10 வாட். கணினியின் யுஎஸ்பி துளை அவ்வளவு தராது. நல்ல 10 வாட் சார்ஜரில், 30 முனை கொண்ட அந்த அகலக் கேபிளோடு, திரையை அணைத்து இரவு முழுதும் வையுங்கள். காலையிலும் ஏறவில்லை என்றால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். அது உள்ளே ஒட்டப்பட்டிருக்கிறது. மாற்றும் கூலி கருவியின் விலையைத் தாண்டிவிடும்.